பழைய காரின் பவர் விண்டோ: மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன்

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய காரில் பவர் விண்டோ ஒருநாள் நின்றுவிட்டால், மோட்டார் எரிந்துவிட்டது என்ற எண்ணமே உரிமையாளரின் மனத்தில் முதலில் எழுகிறது. பல ஒர்க்‌ஷாப்புகளிலும் அதே தீர்ப்புதான் கிடைக்கும். மோட்டாரும் ரெகுலேட்டரும் சேர்ந்த விண்டோ மெஷின் முழுவதையும் மாற்றிவிட்டுப் பில்லை நீட்டுவார்கள். சில கார்களில் அதுவே சரியான தீர்வாகவும் அமைந்துவிடும். ஆனால் புதிய மோட்டாரைப் போட்ட பிறகும் கண்ணாடி அசையாமல் நிற்பதும், அசைந்தாலும் சில மாதங்களில் மறுபடி திணறத் தொடங்குவதும் அடிக்கடி நடக்கின்றன. பழைய காரில் பல நேரங்களில் கோளாறு தொடங்கும் இடம் வேறு. அதன் சுமையை நெடுநாள் தாங்கிக் கடைசியில் விழுவதுதான் மோட்டார். பேட்டரியிலிருந்து கண்ணாடியின் விளிம்பு வரை நீளும் பாதையில் பழுது எங்கே இருக்கிறது என்பதை, கதவைப் பிரிப்பதற்கு முன்பே ஓரளவு கணித்துவிட முடியும்.

இங்கே சொல்லப்படுபவை சான்ட்ரோ ஸிங், முதன்முதலில் 2005-இல் இங்கே விற்பனைக்கு வந்த ஸ்விஃப்ட், இண்டிகா போன்ற சிறு கார்களின் காலத்து ஏற்பாட்டை மனத்தில் வைத்து எழுதப்படுபவை. இன்றைய கார்கள் பலவற்றில் சுவிட்ச் ஒரு கணினிக்குச் செய்தி மட்டுமே அனுப்புகிறது. மோட்டாரை இயக்குவது அந்தக் கணினி. அக்காலத்துக் கார்களிலோ பெரும்பாலும் மோட்டாருக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் நாம் விரலால் அழுத்தும் சுவிட்சின் வழியாகவே பாய்கிறது. வீட்டிலேயே பழுது பார்க்க விரும்புபவருக்கு இந்த எளிமை பெரிய வசதி. ஸ்கேனர் எதுவும் வேண்டியதில்லை. ஒரு மல்டிமீட்டர், வயர் இணைத்த ஓர் இண்டிகேட்டர் பல்பு, சில ஸ்பேனர்கள், கொஞ்சம் பொறுமை ஆகியவை இருந்தால் போதும்.

கதவுக்குள் இருப்பவை

கதவின் உள்ளே இருப்பது 12 வோல்ட்டில் ஓடும், நிலைக்காந்தம் கொண்ட ஒரு சிறிய டிசி மோட்டார். அதற்கு வயர்கள் இரண்டே. ஒன்றுக்குப் பாசிட்டிவும் மற்றதற்கு எர்த்தும் (பேட்டரியின் நெகட்டிவோடு இணைந்த கார் உடல்) கொடுத்தால் ஒரு பக்கமாகச் சுற்றும். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். ஏற்றுவதற்குத் தனி வயர், இறக்குவதற்குத் தனி வயர் என்று எதுவும் கிடையாது. மோட்டார் வேகமாகச் சுற்றினாலும், அதன் தண்டில் உள்ள திருகு வடிவப் பல் ஒரு பெரிய பல்சக்கரத்தை மெதுவாகவும் அதிக விசையோடும் திருப்புகிறது. வார்ம் கியர் எனப்படும் இந்த அமைப்புக்கு ஒரு சிறப்பு உண்டு: மோட்டார் சக்கரத்தைத் திருப்பலாம், ஆனால் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பி மோட்டாரைச் சுற்றவைக்க முடியாது. மூடிய கண்ணாடியை வெளியிலிருந்து யாரும் அழுத்தி இறக்க முடியாததற்கும், பழுதான கண்ணாடி பாதி வழியில் நின்றால் அங்கேயே உறைந்துவிடுவதற்கும் இதுவே காரணம்.

அந்தச் சக்கரத்தின் சுழற்சியைக் கண்ணாடியின் ஏற்ற இறக்கமாக மாற்றும் பொறிதான் ரெகுலேட்டர். அதில் இரண்டு வகைகள் பரவலாக உள்ளன. கேபிள் வகையில், ஓர் உருளையில் சுற்றப்பட்ட மெல்லிய எஃகுக் கேபிள் மேலும் கீழும் உள்ள சிறு கப்பிகளின் வழியாக ஓடி, செங்குத்தான தண்டவாளத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் ஸ்லைடரை இழுக்கிறது. கண்ணாடியின் அடிவிளிம்பு அந்த ஸ்லைடரோடு போல்ட்டாலோ கிளிப்பாலோ பிணைக்கப்பட்டிருக்கும். மற்றது, குறுக்காக இணைந்த இரும்புக் கைகள் விரிந்து சுருங்கிக் கண்ணாடியைத் தூக்கும் வகை. இதில் பல வடிவமைப்புகளில் கண்ணாடியின் எடையைத் தாங்க உதவியாக ஒரு பலமான சுருள்வில்லும் இருக்கும். அந்த வில்லைப் பற்றிப் பின்னால் ஓர் எச்சரிக்கை வருகிறது.

சுவிட்சின் வேலையைப் புரிந்துகொண்டால் பழுதுகளில் பாதி தாமாகவே விளங்கிவிடும். சுவிட்சை யாரும் தொடாதபோது மோட்டாரின் இரண்டு வயர்களும் சுவிட்சுக்குள் எர்த்தோடு இணைந்தே இருக்கின்றன. ஏற்றும் பக்கம் சுவிட்சை இயக்கினால் ஒரு வயர் மட்டும் எர்த்தை விட்டுப் பாசிட்டிவுக்குத் தாவுகிறது. மற்ற வயர் இருந்த இடத்திலேயே இருந்து மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழி கொடுக்கிறது. இறக்கும் பக்கம் இயக்கினால் இந்தப் பொறுப்புகள் இடம் மாறுகின்றன. ஆகவே கண்ணாடி ஒரு திசையில் அசைவதற்கே இரண்டு தொடுமுனைகள் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

ஓட்டுநருக்கு இடப்பக்கம் உள்ள கதவின் நிலை இன்னும் சிக்கலானது. அந்தக் கண்ணாடியை அதன் சொந்தச் சுவிட்சாலும் இயக்கலாம், ஓட்டுநரின் மாஸ்டர் சுவிட்சாலும் இயக்கலாம். இதற்காகப் பல கார்களில் இடப்பக்கச் சுவிட்சின் எர்த் நேராகக் கார் உடலுக்குப் போகாமல், மாஸ்டர் சுவிட்சின் தொடுமுனைகளைச் சுற்றிக்கொண்டு போகிறது. மாஸ்டர் சுவிட்சுக்குள் ஒரு முனை கருகினால், ஓட்டுநரின் சொந்தக் கண்ணாடி ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்க, இடப்பக்கக் கண்ணாடி அதன் சொந்தச் சுவிட்சுக்கும் பணியாமல் நின்றுவிடும். இடக்கதவில் புதிய மோட்டாரையும் புதிய சுவிட்சையும் போட்டும் பயனில்லாமல் போகும் கதைகளில் கணிசமானவை இங்கேதான் பிறக்கின்றன.

கடுகளவு கரி செய்யும் வேலை

பழைய சுவிட்சின் தொடுமுனையில் படியும் கரியைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் விளைவு தெரியும். கண்ணாடி தடையின்றி ஏறும்போது மோட்டார் 6 ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கரி படிந்த முனையின் மின்தடை அரை ஓம் மட்டுமே என்றாலும், 6 ஆம்பியர் அதன் வழியே பாயும்போது 3 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகிறது. பேட்டரி 12 வோல்ட் கொடுத்தாலும் மோட்டாருக்குப் போய்ச் சேருவது 9 வோல்ட்தான். மோட்டாரின் வேகம் கிடைக்கும் வோல்ட்டேஜைப் பொறுத்தது என்பதால் கண்ணாடி சோம்பலாக ஏறும். தொலைந்த 3 வோல்ட் 18 வாட் வெப்பமாக மாறி, கடுகளவே உள்ள அந்த முனையைச் சூடாக்குகிறது. சூட்டில் முனையை அழுத்திப் பிடிக்கும் மெல்லிய தகடு தளர்கிறது, சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகுகிறது, தொடுகை மேலும் மோசமாகிறது, தடை மேலும் உயர்கிறது. கண்ணாடி மேலே முட்டிய பிறகும் விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தால் மின்னோட்டம் 20 ஆம்பியர் அளவுக்குத் தாவக்கூடும். முட்டும் ஓசை கேட்டவுடன் விரலை எடுத்துவிடுவது சுவிட்சின் ஆயுளைக் கூட்டும்.

ஓட்டுநர் பக்கச் சுவிட்ச் மற்றவற்றைவிட முந்தித் தேய்வது இயல்பு. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாவதற்கு முன், சுங்கச்சாவடிதோறும் அந்தக் கண்ணாடிதான் இறங்கி ஏறியது. மழையில் திறந்த கதவின் வழியாக நீர் தெறிப்பதும், டம்ளரிலிருந்து தேநீர் சிந்துவதும் அதே சுவிட்சின் மேல்தான்.

பிரிப்பதற்கு முன் கேட்க வேண்டிய ஒலிகள்

முதல் கேள்வி, நின்றது ஒரு கண்ணாடியா எல்லாக் கண்ணாடிகளுமா என்பதே. எல்லாமே ஒரே நேரத்தில் நின்றிருந்தால், ஒரு மோட்டாரையும் சந்தேகிக்கத் தேவையில்லை. ஃபியூஸ், பவர் விண்டோவுக்கான ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இருந்தால் அது, மாஸ்டர் சுவிட்சுக்கு வரும் பாசிட்டிவ், அதன் எர்த் ஆகியவற்றில் ஒன்று போயிருக்கும். ஓட்டுநர் கண்ணாடி மட்டும் இயங்கி மற்றவை நின்றிருந்தால், குழந்தைகள் விளையாடாமல் இருப்பதற்காக மாஸ்டர் சுவிட்சில் வைத்திருக்கும் லாக் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சொல்வது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம், ஆனால் இதற்காகவே ஒர்க்‌ஷாப் வரை போன கார்கள் உண்டு. அடிப்படை மாடலை வாங்கிப் பின்னர் வெளிக்கடையில் பவர் விண்டோ கிட் பொருத்திய கார்களில் ஃபியூஸ், பெட்டிக்குள் இருக்காது. டேஷ்போர்டுக்கு அடியிலோ பேட்டரிக்கு அருகிலோ வயரோடு வயராகத் தொங்கும் ஒரு சிறு ஃபியூஸ் கூட்டைத் தேட வேண்டும். அப்படியொன்று இல்லவே இல்லை, வயர் நேராகப் பேட்டரியில் முடிகிறது என்று தெரிந்தால், கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன் அங்கே ஒரு ஃபியூஸைப் போடுவதே முதல் வேலை. கதவுக்குள் வயர் உரசித் தோல் உரிந்தால், அது தீயில் போய் முடியக்கூடும்.

ஒரு கண்ணாடி மட்டும் நின்றிருந்தால், இரவில் கூரை விளக்கை எரியவிட்டு, எஞ்சினை அணைத்துச் சாவியை ஆன் நிலையில் வைத்து, சுவிட்சை அழுத்திப் பாருங்கள். விளக்கு சற்றே மங்கினால் மின்சாரம் மோட்டாரை அடைகிறது, ஆனால் ஏதோ ஒன்று அதைச் சுற்றவிடாமல் பிடித்திருக்கிறது என்று பொருள்: கண்ணாடி தான் ஓடும் ரப்பர் சேனலில் இறுகியிருக்கலாம், கேபிள் உருளையில் சிக்கியிருக்கலாம், மோட்டாருக்குள் துருப்பிடித்திருக்கலாம். விளக்கு துளியும் மங்காமல், கதவிலிருந்து எந்த ஓசையும் எழாமல் இருந்தால், சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. மோட்டார் தாராளமாகச் சுற்றும் இரைச்சல் கேட்டும் கண்ணாடி அசையவில்லை என்றால், மின்சாரப் பகுதி முழுவதும் நலம்; கேபிள் அறுந்தோ, ஸ்லைடர் உடைந்தோ, கண்ணாடி ஸ்லைடரிலிருந்து கழன்றோ இருக்கிறது. கடகடவென்று நெரியும் ஓசை, பிரிந்த கேபிள் இழைகள் உருளையில் குவிவதையோ பல் தேய்ந்ததையோ காட்டும். கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறினால் அது சேனலைவிட்டு விலகியிருக்கிறது. அந்த நிலையில் மீண்டும் மீண்டும் சுவிட்சை அழுத்துவது கண்ணாடியையே உடைத்துவிடும்.

இறங்குகிறது, ஆனால் ஏறவில்லை என்ற புகாரைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மோட்டாருக்கு இரண்டு வயர்கள்தான் என்றும், இரு திசைகளுக்கும் அந்த இரண்டுமே தேவை என்றும் முன்பே பார்த்தோம். ஆதலால் ஒரு திசையில் நன்றாக ஓடும் மோட்டாரின் சுருளும் வயரும் உயிரோடுதான் இருக்கின்றன. ஏற்றும்போது முழு அமைதி நிலவினால் குற்றம் சுவிட்சிலோ சுவிட்சுகளுக்கு இடையிலான வயரிலோ இருக்கிறது. ஏற்றும்போது முனகல் கேட்டு, விளக்கும் மங்கினால், கண்ணாடியின் எடையையும் ரப்பரின் பிடியையும் எதிர்த்துத் தூக்கப் போதிய விசை கிடைக்கவில்லை என்று பொருள்.

சில முறை ஏற்றி இறக்கிய பிறகு நின்றுவிட்டு, பத்து நிமிடம் கழித்துத் தானாகவே மீண்டும் வேலை செய்யும் கண்ணாடியும் உண்டு. பல மோட்டார்களுக்குள் வெப்பம் மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறிய பாதுகாப்பு உறுப்பு ஒன்று இருக்கிறது; அது தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். மோட்டார் ஏன் அவ்வளவு சூடாகிறது என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி, அதற்கான விடை பெரும்பாலும் ரப்பர் சேனலில் கிடைக்கும்.

கதவு திறந்திருக்கும்போது வேலை செய்து, மூடினால் நின்றுவிடும் கண்ணாடி இன்னோர் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கதவுக்கும் காரின் தூணுக்கும் இடையே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும்; வயர்க்கட்டு அதற்குள்தான் போகிறது. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த வயர்கள் ஒரே இடத்தில் வளைகின்றன. ஆண்டுக்கணக்கில் வளைந்தபின் உள்ளே இருக்கும் செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, மேலுறை மட்டும் முழுதாகத் தோற்றமளிக்கும். சாவியை ஆன் செய்து, ஒருவர் சுவிட்சை அழுத்திப் பிடிக்க, மற்றொருவர் கதவை மெல்ல அசைத்துக்கொண்டே ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தால், கண்ணாடி ஒரு நொடி துள்ளுவதைக் காணலாம். ரப்பரைத் தூண் பக்கம் கழற்றிப் பின்னோக்கித் தள்ளி, ஒவ்வொரு வயரையும் விரலால் மெதுவாக இழுத்தால், அறுந்த வயரின் உறை மற்றவற்றைவிட எளிதாக நீளும். அதே அளவு தடிமனுள்ள புதிய வயரை வளைவுக்கு அப்பால் வரை நீளமாக வைத்து, ஈயப்பற்று வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவால் மூட வேண்டும். வளையும் இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றினால் அந்த ஒட்டு நெடுநாள் நிற்காது.

கதவைத் திறந்து பார்த்தல்

கதவின் உட்புற மூடியான டோர் பேடைக் கழற்றுவதில் பலம் தேவையில்லை, ஸ்க்ரூ எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்ற அறிவுதான் தேவை. உள்கைப்பிடியின் பின்னால், கதவை இழுக்கும் குழிவின் அடியில், சிறு மூடிகளுக்குள், சைடு மிரரின் முக்கோண மூடிக்குப் பின்னால் என்று தேடி எல்லாவற்றையும் எடுத்த பிறகு, கீழ் ஓரத்திலிருந்து தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோலால் கிளிப்புக்குப் பக்கத்திலேயே நெம்ப வேண்டும். வெயிலில் காய்ந்த பழைய கிளிப்கள் உடையத்தான் செய்யும். ஒரு டஜன் புதிய கிளிப்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிளிப்கள் விட்டதும் பேடை மேல்நோக்கித் தூக்கி, சுவிட்சின் கப்ளரையும் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகி) பூட்டுக்குச் செல்லும் கம்பியையும் விடுவிக்க வேண்டும். கதவிலோ அதன் அருகிலோ ஏர்பேக் உள்ள கார் என்றால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்த பிறகே தொட வேண்டும். உள்ளே தெரியும் தகட்டின் வெட்டு விளிம்புகள் கத்திக்குச் சமம் என்பதால் கையுறை அவசியம். கை உள்ளே இருக்கும்போது சாவி யாருடைய பொறுப்பிலும் இருக்கக்கூடாது, உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

இப்போது மோட்டாரின் கப்ளர் கைக்கு எட்டும். இங்கே மல்டிமீட்டரைவிட 21 வாட் இண்டிகேட்டர் பல்பு நம்பகமான சாட்சி. மீட்டர் மிக மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுக்கிறது. ஆகவே ஒரே ஓர் இழையில் தொங்கும் வயரிலும், கரி மூடிய தொடுமுனையிலும்கூட அது 12 வோல்ட் என்று காட்டிவிடும். பல்பு ஒன்றரை ஆம்பியருக்கு மேல் கேட்பதால், பலவீனமான பாதை அதன் முன் மறைந்துகொள்ள முடியாது. கப்ளரைக் கழற்றி, கார்ப் பக்கத்து இரண்டு முனைகளுக்கு இடையே பல்பை இணைத்துச் சுவிட்சை இரு பக்கமும் இயக்குங்கள். இரு பக்கமும் பிரகாசமாக எரிந்தால் வயரும் சுவிட்சும் சரி, மோட்டாரைச் சந்தேகிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் எரிந்தாலோ, மங்கலாக எரிந்தாலோ, எரியாமலே இருந்தாலோ சுவிட்சை நோக்கிப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். மோட்டாரைத் தனியாகச் சோதிக்க, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த இரண்டு வயர்களைக் கொண்டுவந்து அதன் முனைகளில் நேரடியாகத் தொடலாம். வயர்களை இடம் மாற்றித் தொட்டால் எதிர்த்திசையில் ஓட வேண்டும். மழை நேரத்தில் பாதியில் நின்ற கண்ணாடியை அவசரமாக மூடுவதற்கும் இதே வழி உதவும்.

சுவிட்சுதான் காரணம் என்று தெரிந்தால், உடனே புதியது வாங்க வேண்டியதில்லை. மேல்மூடியின் பிளாஸ்டிக் பற்களை நெம்பித் திறந்தால், ஊஞ்சலாடும் சிறு செப்புத் தகடுகள் தெரியும். அவை தெறித்து விழும் முன் எப்படி அமர்ந்திருக்கின்றன என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கருத்த முனைகளை மிக நைஸான எமரித் தாளால் இரண்டு முறை தேய்த்து, கான்டாக்ட் கிளீனரால் கழுவி, உலரவிட்டுப் பொருத்தினால் பல சுவிட்சுகள் உயிர்பெறும். முனை குழிந்துபோயிருந்தாலும் பிளாஸ்டிக் இளகியிருந்தாலும் சுவிட்சை மாற்றுவதே நல்லது.

ரப்பரின் பிடி

என் கணிப்பில், பழைய கார்களில் மிக அதிகமாகக் கவனிக்கப்படாமல் விடப்படுவது கண்ணாடி ஓடும் ரப்பர் சேனல்தான். கதவின் சட்டத்துக்குள் கண்ணாடியின் இருபுறமும் மேலும் வரும் இந்த ரப்பரின் உட்புறத்தில் மென்மையான வழவழப்புப் பூச்சு ஒன்று உண்டு. கண்ணாடி இலேசாக வழுக்கிச் செல்வது அதனால்தான். வெட்டவெளியில் நிறுத்தப்படும் காரில், நம் ஊர் வெயிலில் ரப்பர் இறுகிச் சுருங்குகிறது. பூச்சு தேய்ந்து போகிறது. மண்ணும் புழுதியும் அடியில் தங்கி உப்புத்தாள் போலக் கண்ணாடியை உராய்கின்றன. மோட்டார் ஒவ்வொரு முறையும் இந்த உராய்வை வெல்ல அதிக மின்னோட்டம் எடுக்கிறது, அதனால் சூடாகிறது, அதன் கார்பன் பிரஷ்கள் விரைவில் தேய்கின்றன. சுவிட்சும் அதே மின்னோட்டத்தைச் சுமந்து கருகுகிறது. புதிய மெஷின் போட்டும் சில மாதங்களில் மீண்டும் திணறும் காரில் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அப்படியே விடப்பட்டிருக்கும்.

மோட்டாரைக் கழற்றியோ, கண்ணாடியை ஸ்லைடரிலிருந்து விடுவித்தோ, இரண்டு கைகளாலும் கண்ணாடியைச் சேனலுக்குள் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். அதன் எடையைத் தவிர வேறு பெரிய எதிர்ப்பு எதுவும் கைக்குத் தட்டக்கூடாது. இடையில் ஓரிடத்தில் இறுகினால் அங்கே ரப்பர் மடிந்திருக்கிறது அல்லது சேனல் வளைந்திருக்கிறது. சேனலை ஈரத்துணி சுற்றிய மெல்லிய குச்சியால் முழு நீளமும் துடைத்து, நன்கு உலர்ந்த பின் சிலிக்கோன் ஸ்பிரேயை அடித்துக் கண்ணாடியைச் சில முறை ஓட்ட வேண்டும். எஞ்சின் ஆயிலையோ சாதாரணக் கிரீஸையோ ரப்பரில் தடவுவது வேண்டாம். பெட்ரோலியப் பொருள் பலவகை ரப்பரை ஊதச் செய்யும், அதோடு புழுதியையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கிரீஸுக்கு உரிய இடம் ரெகுலேட்டரின் இரும்புத் தண்டவாளமும் இரும்புக் கைகளின் மூட்டுகளும்தான். வெடித்துப் பிளந்த ரப்பரைச் சுத்தம் செய்து பயனில்லை. மீட்டர் கணக்கில் கிடைக்கும் பொதுவான ரப்பர்ப் பட்டையான பீடிங்கைவிட, அந்த மாடலுக்கென்றே வார்த்த சேனல் மூலைகளில் ஒழுங்காகப் பொருந்தும்.

மோட்டாரும் ரெகுலேட்டரும்

சோதனைகள் எல்லாம் மோட்டாரையே சுட்டினால், சுவிட்சை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்க, மோட்டாரின் உடலை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் இலேசாகத் தட்டிப் பாருங்கள். தட்டியவுடன் ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது அல்லது சிக்கியிருக்கிறது. அது சில நாள் ஓடும், முக்கியமான நேரத்தில் நின்றுவிடும், மாற்றத் திட்டமிடுங்கள். மோட்டாரின் சத்தம் மட்டும் கேட்டுக் கேபிள் உருளை திரும்பாத சில மாடல்களில், பல்சக்கரத்துக்குள் அதிர்வைத் தாங்குவதற்காக வைத்த சிறு பிளாஸ்டிக் அல்லது ரப்பர்த் துண்டுகள் பொடிப்பொடியாகியிருக்கும்.

ரெகுலேட்டரை வெளியே எடுக்கும் முன் கண்ணாடியை முழுவதும் மேலே தூக்கி, அகலமான டேப்பைக் கதவுச் சட்டத்தின் மேல் உள்ளும் புறமுமாக மடித்து ஒட்டி நிறுத்த வேண்டும். இரும்புக் கை வகை ரெகுலேட்டரில் மோட்டாரைக் கழற்றும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை: சுருள்வில்லைப் பிடித்துக்கொண்டிருப்பது மோட்டாரின் பல்தான். அதை விடுவித்த நொடியில் இரும்புக் கைகள் சடாரென்று பாய்ந்து விரலை நசுக்கிவிடும். அந்த இரும்புக் கைகளைப் போல்ட்டாலோ கிளாம்பாலோ நகராமல் பூட்டிய பின்னரே மோட்டாரின் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். அதற்கான கருவி இல்லாவிட்டால் அந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் விடுவதில் வெட்கம் ஏதுமில்லை. கேபிள் வகையில் இந்த ஆபத்து இல்லை, ஆனால் உருளையிலிருந்து கேபிள் அவிழ்ந்தால் மீண்டும் சுற்றுவது பொறுமையைச் சோதிக்கும்.

பாகம் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வலக்கதவுக்கு உரியது இடக்கதவுக்குப் பொருந்தாது. ஒரே பெயரில் விற்ற காரிலும் மாடலுக்கு மாடல் கப்ளரின் வடிவமும் போல்ட் துளைகளும் மாறியிருக்கலாம். மோட்டார் நல்ல நிலையில் இருந்தால் ரெகுலேட்டர் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் வாங்குவதாக இருந்தால், கடையிலேயே ஒரு பேட்டரியில் இணைத்து இரு திசையும் முழுமையாக ஓட்டிக் காட்டச் சொல்லி, கேபிளில் இழை பிரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்க வேண்டும்.

புதிய ரெகுலேட்டரைப் பொருத்தும்போது தண்டவாளத்தின் போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விட்டு, கண்ணாடியை ஒருமுறை முழுவதும் ஏற்றி, அது தன் இயல்பான கோணத்தில் சேனலுக்குள் அமர்ந்த பிறகு இறுக்குவது நல்லது. முதலிலேயே முறுக்கி இறுக்கிவிட்டால் கண்ணாடி சற்றே கோணலாக ஓடி, துடைத்த ரப்பரில் மீண்டும் உராயத் தொடங்கும்.

டோர் பேடின் பின்னால் ஒட்டியிருந்த பாலிதீன் ஷீட்டைக் கிழித்து எறிந்துவிடும் பழக்கம் ஒர்க்‌ஷாப்புகளில் பரவலாக உண்டு. அது சத்தத்தைக் குறைக்க வைத்த அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணாடியின் வெளிப்பக்க பீடிங் வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும்; அதைப் பேடின் பக்கம் வரவிடாமல் கதவின் அடிக்கு வழிநடத்துவது அந்த ஷீட்தான். கிழிந்திருந்தால் தடிமனான பாலிதீனை அதே அளவில் வெட்டி ஒட்டிவிடலாம். அடியில் உள்ள வடிகால் துளைகள் சேற்றால் அடைபட்டிருந்தால் ஒரு மெல்லிய கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். துளை அடைபட்ட கதவில் தேங்கும் நீர், கீழே தாழ்வாகப் பொருத்தியுள்ள மோட்டாரையும் கதவின் தகட்டையும் சேர்த்தே அரிக்கும். இவற்றை முடித்து, எஞ்சினை ஓடவிட்டு, பேட் இல்லாமலேயே கண்ணாடியைச் சில முறை முழுதாக ஏற்றி இறக்கி, இடையில் ஓசையோ வேகமோ மாறவில்லை என்று பார்த்த பிறகு, பூட்டுக் கம்பியையும் சுவிட்சின் கப்ளரையும் மாட்டி, பேடின் மேல் விளிம்பை முதலில் பீடிங்கில் அமர்த்தி, புதிய கிளிப்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் தட்டிப் பொருத்தலாம்.